கூடை விளிம்பில் ஒரு கை

"இதையும் ஒருக்கா கேளுங்கக்கா. உங்க கதையோட ஒத்துப் பாருங்க" என்று சொல்லிக் கேசட்டைப் போட்ட உஷா, பவளத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

உஷா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்த இரண்டு பேரைப் பேசவைத்து, ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். ஒருத்தி இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பவளம். இன்னொருத்தி, மலையில் மேலே கியா பார்ம் என்ற ஊரில் காய்கறி போடும் ஒரு சீன அம்மாள்.

பவளமும் பிறப்பில் சீனத்திதான். பஞ்சத்தில் பெற்றவள் கொடுத்துவிட, பிள்ளையில்லாத மணியம்மா வாங்கி வந்து வளர்த்தாள். அந்தக் காலத்தில் அப்படி வந்த பெண்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. முகம் மட்டும்தான் சீனம். மூக்குத்தி, குங்குமம், தைப்பூசத்துப் பால்குடம், கோபம் வந்தால் கிளம்பும் வசவு எல்லாம் அசல் லயத்து வரிசைவீட்டுத் தமிழ்.

உஷா முன்பே பதிந்துகொண்ட தன் கேசட்டில் பவளம் சொன்னது கொஞ்சம்தான். வீடு நினைவில்லை. பெற்றவளின் முகம் நினைவில்லை. மணியம்மாவின் கொழுந்துக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மேலே வானம். விளிம்பில் ஒரு கை.

கூடை தரையில் இறங்கும்போதெல்லாம் அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். அந்தக் கை அவள் தலையைப் பிடித்து உள்ளே அழுத்தியது. திரும்பத் திரும்ப அழுத்தியது.

பெற்றவளின் கை. வேறு யாருடையதாக இருக்கும்? கொடுத்தது போதாதென்று, அமுக்கியும் அனுப்பியிருக்கிறாள் மகராசி.

மணியம்மாவிடம் கேட்டால், "ஒன்னப் பெத்தவ நாந்தான், போடி" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாற்பது வருஷமாகப் பவளத்தின் தலையில் யாராலும் கை வைக்க முடிந்ததில்லை. கல்யாணத்தன்று ஆசீர்வதிக்க வந்த பெரியவர்களிடம்கூட வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். தலைக்கனம் பிடித்தவள் என்று லயமே பேசியது.

மணியம்மா சாகக் கிடந்தபோதும் அப்படித்தான். ஆசீர்வதிக்க நடுங்கிக்கொண்டே கையைத் தூக்கினாள். பவளம் குனியவில்லை. குனிய முடியவில்லை. அந்தக் கை போர்வையின் மேல் விழுந்தது. அதை நினைத்தால் பவளத்துக்கு இன்றும் சோறு இறங்காது.

கேசட்டில் சீன அம்மாள் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். மரவள்ளிக்கிழங்கு, சொறிபுண், தகப்பனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. பவளம் முறத்து அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டாள். எல்லார் வீட்டிலும் நடந்ததுதானே.

பிறகு அந்தக் குரல் சொன்னது:

ஒரு தமிழம்மா வந்தாள். என்னையும் தங்கச்சியையும் சேர்த்தே கொண்டுபோகச் சொல்லி அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். கூடையில் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. சின்னவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

பவளத்தின் விரல் அரிசியில் நின்றது.

நான் பின்னாலேயே ஓடினேன். களைத்துப்போய் அந்த அம்மா கூடையை மேட்டில் இறக்கும்போதெல்லாம் நானும் ஏறப் பார்த்தேன். விளிம்பைப் பிடித்தேன், கால் எட்டவில்லை. தங்கச்சி தலையில் கையை ஊன்றி ஏறப் பார்த்தேன். பாவம், அவள் அழுதாள். பாலத்துக்கிட்டே அந்த அம்மா என் விரல்களைப் பிரித்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் பிரித்தாள்.



அதற்குப் பிறகு சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் என் அம்மா சொல்வாள், நீயும் போயிருந்தால் எனக்கு விடிந்திருக்கும் என்று. என் கல்யாணம் வரைக்கும் சொன்னாள். இன்றைக்கும் முதுகில் கூடையோடு ஒரு தமிழம்மா ரோட்டில் போனால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். என் பிள்ளைகள் சிரிக்கும். வந்து கூப்பிட்டால் இப்போதும் போவேன்.

குரலும் சிரித்தது. கேசட் தீர்ந்து நின்றது.

முறம் சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் அதை அள்ளவில்லை.

"நானும் வந்து சொல்லணும்னுதான்கா... அந்தச் சீனம்மாவுக்குத் தீவாளிக்கு முந்தியே கைகால் விழுந்துருச்சு. பேச்சு இல்ல, பெத்த மகளையே தெரியல. இப்ப போயும் ஒன்னும் ஆவாதுலா" என்றாள் உஷா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பவளம் அழவில்லை.

"எந்தக் கை விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

உஷாவுக்குத் தெரியவில்லை.

பவளம் அடுப்படிக்குப் போனாள். மணியம்மாவின் பழைய மூங்கில் கூடை அங்கே விறகுச் சுள்ளிகளோடு கிடந்தது. சுள்ளிகளைத் தரையில் கவிழ்த்தாள். விளிம்பை முந்தானையால் ஒருமுறை சுற்றித் துடைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் வேலை கிடையாது. வெளியே மழை.

பவளம் தலையைக் குனிந்து கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டாள். காலிக் கூடையோடு கியா பார்ம் ரோட்டில் ஏறி ஓடினாள்.