நம்பகமான செய்தியாளர்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் 'நம்பகமான செய்தியாளர்' விருது வாங்க, குர்னியாவானுக்கு இன்னும் பத்தே நிமிடம் இருந்தது. மேடைத் திரையில் காட்ட வேண்டிய அவருடைய செய்தித்தளமோ காலையிலிருந்து படுத்துக் கிடந்தது. உதவிக் குழுவில் அலறியதும், முகம் தெரியாத ஒருவர் போனில் வந்து, 'பாக்' (ஐயா) என்று மரியாதையாகப் பேசினார்.

"டிஸ்க்குல இடம் இருக்கா பாருங்க, பாக்."

தட்டிப் பார்த்தவருக்கு வியர்த்தது. "முழுசா நிரம்பிடுச்சு, தம்பி! எல்லாம் வாசகர் கமெண்ட்டு. நேத்து நான் மட்டும் ஒரு செய்தி போட்டேன்ல, நாடே வந்து குவிஞ்சிருச்சு."

"யார்கிட்டயாவது விசாரிச்சுட்டுப் போட்டீங்களா?"

"எதுக்கு? செய்தியில வர்ற அந்த ஆளு ஆறு மாசமா ஒரு வரி புரோகிராம் எழுதல, மெயிலுக்குப் பதில் இல்ல. எனக்கு இருபது வருஷ அனுபவம். நீ வேலையைப் பாரு!"

மேடையில் அவர் பெயரை அழைத்தார்கள்.

"கமெண்ட்டை எல்லாம் அழிச்சிடவா?" குர்னியாவான் பதறினார்.

"ஐயோ, வேணாம். என் பொண்டாட்டி பாதிதான் படிச்சிருக்கா. பழைய லாக் ஃபைலை அழிச்சிட்டு சர்வரைத் திரும்பக் கிளப்புங்க."

குர்னியாவான் அப்படியே தட்டினார். மேடைத் திரையில் தளம் பளிச்சென்று எழுந்தது. அரங்கமே கைதட்டியது.

"பிழைச்சேன்! உன் பேரைச் சொல்லித்தான் விருதையே வாங்கப்போறேன். யாருப்பா நீ?"

"விபிசோனோ. உங்க தளத்துல பெருசா 'காலமானார்'னு போட்டிருக்கீங்களே, அந்த ஆளுதான். வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க, பாக். ஆறு மாசமா சாகக்கூட நேரமில்ல."