இழுக்காத விசிறி

"படகின் விசிறியை மாற்று. ஓட்டுகிறவனையும் மாற்று."

அங்கமுத்து அடித்து ஒட்டிய துண்டறிக்கையில் இந்த இரண்டு வரிதான் கொட்டை எழுத்தில் இருந்தது.

பள்ளிபாளையத்துக்கு மேலே, கதவணைத் தண்ணீர் கடல் மாதிரி தேங்கி நிற்கும் இடத்தில் ஊர். ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்டு முப்பது வருஷம் போராடியவர் அங்கமுத்து. மறியல், உண்ணாவிரதம், ஜெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பாலத்துக்குப் பதில் ஒரு மிதவைப் படகு வந்தது; பாலத்துக்கான போராட்டமும் நிற்கவில்லை. இரண்டு நீள உருளை, மேலே பலகை, பின்னால் ஒரு எஞ்சின், அது நீருக்குள் சுழற்றித் தள்ளும் விசிறி. அதைத்தான் செபஸ்தியான் ஓட்டினான்.

அந்தப் படகில்தான் அங்கமுத்துவின் மனைவி அத்தாயி செத்துப்போனாள்.

போன மாதம் ஒரு விடியற்காலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவளைத் தூக்கி வந்து படகில் கிடத்தினார்கள். அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றாகிவிட்டது. படகு மட்டும் ஊர்ந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கமுத்து போட்ட சத்தம் இரண்டு கரைக்கும் கேட்டது. செபஸ்தியான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விசிறி இழுக்கலீங்ண்ணா" என்றான்.

கிழக்கே வெளுத்தது. கரை வருவதற்குள் அத்தாயி அடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அங்கமுத்து விடவில்லை. நீருக்குள் சுழலும் அந்தப் பித்தளை விசிறி தேய்ந்து போனது தெரிந்தும் ஓட்டியவன் கொலைகாரன் என்று கூட்டம் போட்டுப் பேசினார். செபஸ்தியான் எதற்கும் வாய் திறக்கவில்லை. குற்றவாளி அப்படித்தான் இருப்பான் என்றார். அன்றிலிருந்து படகும் ஊர்ந்துதான் போனது; ஊரும் ஆமாம் என்றது. குழாயடியில் அவன் பெண்டாட்டி ஞானமேரி வந்து நின்றால் மற்ற பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அங்கமுத்து ஜெயித்தார். சேலத்திலிருந்து ஜூட் என்கிற மெக்கானிக் இரண்டு புது விசிறிகளோடு வந்தான். ஒன்றுக்கு மூன்று இலை, நல்ல முறுக்கு. இன்னொன்றுக்கு நாலு இலை, முறுக்கு குறைவு.

முறுக்கு அதிகமானதையே மாட்டச் சொன்னார் அங்கமுத்து. அதுதான் தண்ணீரை வேகமாக வெட்டும் என்பது அவர் கணக்கு.

ஜூட் சிரித்தான். "லோடு லாரியை டாப் கியர்ல கெளப்புவீங்களா? சனம், வண்டி, மூட்டைன்னு ஏத்தற படகுக்கு அது திணறுமுங்க. நாலு இலைதான் இழுக்கும்."

எதற்கும் பழைய விசிறியோடு ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடலாம், அப்போதுதான் புதியதில் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று தெரியும் என்றான்.

"அதெதுக்குங்க? நேராப் புதுச மாட்டீருங்க" என்றான் செபஸ்தியான். அந்த ஒரு மாதத்தில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"பாத்தியா, பயப்படறான்" என்றார் அங்கமுத்து. "ஓட்டோணும். அன்னிக்கு இருந்த பாரத்தோடயே ஓட்டோணும்."

அத்தாயிக்குப் பதிலாக ஒரு கோழித்தீவன மூட்டையைப் பலகையில் கிடத்தினார்கள். அதன் பக்கத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், அங்கமுத்து உட்கார்ந்தார். எஞ்சினை ஜூட்டே பிடித்துக்கொண்டான். செபஸ்தியான் ஓரமாக நின்றான்.

கிளம்பினதுதான் தெரியும். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி ஓடியது. அங்கமுத்து மூட்டையின் மேல் வைத்த கையை எடுக்க மறந்திருந்தார். அன்றைக்குக் கிழக்கு வெளுத்த நடு ஆறு கடந்து போனது. முகத்து வேர்வையைத் துடைப்பதற்குள் படகு அக்கரை மணலில் ஏறி நின்றுவிட்டது.

ஜூட் எஞ்சினைத் தூக்கி விசிறியைத் தடவிப் பார்த்தான். "இதுல ஒரு கொறையும் இல்லீங்களே. எதுக்கு மாத்தறீங்க?"

அங்கமுத்து எழுந்து போய் செபஸ்தியான் சட்டையைப் பிடித்தார்.

"அன்னிக்கும் இதே விசிறிதானே?"

"ஆமாங்க."

"அப்ப வேணும்னே மெதுவா ஓட்டியிருக்கற."

"ஆமாங்க."

அவர் கையை ஓங்கினார். ஜூட் நடுவில் பாய்ந்து தடுத்தான். செபஸ்தியான் நகரவில்லை.

"ஏன்டா? நான் உனக்கு என்னடா பண்ணுனேன்?"

செபஸ்தியான் மூட்டையைப் பார்த்தபடியே சொன்னான். அந்த விடியற்காலைக்கு முந்தின வாரம் அத்தாயி தனியாக அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அங்கமுத்து அப்போது பாலத்துக்காக நாமக்கல்லில் உண்ணாவிரதம். இருதயம் முழுக்கப் பழுது, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அங்கமுத்துவுக்குத் தெரிந்தால் போராட்டம் கெட்டுப்போகும் என்று படகில் திரும்பும்போது செபஸ்தியானிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அங்கமுத்துவின் பிடி தளர்ந்தது.

"அதுக்காக? கடைசியா ஒருக்கா காப்பாத்தப் பாத்திருக்கலாம்ல?"

"அன்னிக்கு அக்காவப் படகுல படுக்க வெச்சுட்டு, கூட்டத்துக்கு வர முடியாதுன்னு போன் பண்ண நீங்க கரைமேல ஏறுனீங்கல்ல. அப்பத்தான் என்ர கையப் புடிச்சாங்க."

"என்ன சொன்னா?"

செபஸ்தியான் சட்டைக் கசங்கலை நீவிக்கொண்டான்.

"'இன்னிக்குத்தான் எங்கூட ஒக்காரப் போறாரு. அக்கரை வந்துட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. மெதுவாப் போ சாமி'ன்னாங்க."