சம்பந்தத்தின் குடல் விழிக்கிறது

ஆரணி ஆஸ்பத்திரியின் சன்னல் வெயில் சம்பந்தத்தின் போர்வைமேல் சரிகைபோல் மினுங்குகிறது. குடல் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் காற்று பிரியவில்லை. இன்றும் பிரியாவிட்டால் வேலூருக்கு அனுப்பிவிடுவார்களாம். தறி மிதித்த பழக்கத்தில் போர்வைக்கடியில் அவருடைய கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. "குடல் தசை நம்ம பேச்சு கேக்காதுங்க, தானா தூங்கும், தானா முழிக்கும்," என்கிறார் நர்ஸம்மா. "மிதிச்சதும் ஓட அது இன்னா தறியாய்யா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள் மனைவி திலகவதி. அப்போது வயிற்றுக்குள் எதுவோ புரள்கிறது, கடமுடா என்று நகர்கிறது. கல்யாணப் பந்திகளில் ஆயுசுக்கும் அடக்கியே பழகிய கௌரவமான மனிதரிடமிருந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி நீளமாய் ஒரு சத்தம். எதிர்க்கட்டில்காரர் கைதட்டுகிறார். சம்பந்தம் போர்வையை முகம்வரை இழுத்துக்கொள்கிறார். திலகவதி அதை விலக்கி, அழுகையும் சிரிப்புமாய்க் குனிகிறாள். "வெக்கப்படாத, இன்னொரு தபா வுடுய்யா."