அருவியைக் கண்டுபிடித்தவர்

பதிப்பாசிரியருக்குக் கோபம் தலைக்கேறியது. கைப்பிரதியை மேஜைமேல் விட்டெறிந்தார்.

“என்னம்மா இது? துரையோட சாகசத்தை எழுதச் சொன்னா, கதை முழுக்க மூட்டை தூக்கறவன் மனசுக்குள்ளேயே ஓடுது! ‘துரை அருவியைக் கண்டுபிடித்தபோது, அங்கே என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.’ நக்கலா?”

“நடந்தது அதுதானே சார்?” எழுத்தாளரின் குரலும் உயர்ந்தது.

“துரை காய்ச்சல்ல உளர்றார், பயந்துபோய் ஊரையே கொளுத்தறார். அவருக்குச் சிலை வெச்சிருக்காங்கம்மா!”

“கொளுத்தினதுக்குத்தான் வெச்சாங்க.”

“புரியுது. உங்க தாத்தா அவருக்கு மூட்டை தூக்கியிருப்பார், அந்த ஆத்திரம்! துரை குடும்பம் சும்மா விடுமா?”

“விடல சார். ‘தாத்தா மானத்தை வாங்கிட்டியேடி’ன்னு அப்பா காலையிலதான் என்னை வீட்டை விட்டுத் துரத்தினார். எங்க தாத்தா மூட்டை தூக்கல. சிலையா நிக்கறார்.”