விடிகாலைக்கு ஒரு வாய் எண்ணெய்

பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றிய மெக்கானிக் அமலதாஸ், புதிதாக இரண்டை எடுத்து இன்ஜின் பக்கத்தில் வைத்தார். ஒன்று தங்க நிறம், இன்னொன்று சாதா நீலம்.

"நான் பந்தய வண்டிக்கே தாங்குவேன். பயம்னா என்னன்னே தெரியாது," என்றது தங்க நிற ஃபில்டர்.

"நமக்கு ஏதுப்பா பந்தயம்? காலையில ஸ்கூல், சாயங்காலம் மார்க்கெட். வண்டி நின்னதும் என்ன செய்வே?" என்று கேட்டது இன்ஜின்.

"எண்ணெயை எல்லாம் கீழே விட்டுட்டு நிம்மதியா தூங்குவேன்."

தினமும் காலையில் எண்ணெய் மேலே ஏறுவதற்குள் காய்ந்த இரும்போடு இரும்பு உரசுகிற வலி இன்ஜினுக்குத்தான் தெரியும்.

"நீ?" என்று நீலத்தைக் கேட்டது.

"எனக்கு எல்லாமே பயம்ண்ணே. விடியறப்ப உங்களுக்குத் தொண்டை காய்ஞ்சிருமோன்னு ஒரு வாய் எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்குவேன்."

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தது தங்கம்.

அமலதாஸ் முதலில் தங்கத்தைத்தான் திருகிப் பார்த்தார். இன்ஜின் தன் திருகு மரையில் அதை ஏறவே விடவில்லை. நீலத்தின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி வைத்ததும், இன்ஜின் உடனே கவ்விக்கொண்டது.

மறுநாள் காலை சாவி திரும்பியது. இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை.

"எண்ணெய் வந்துச்சாண்ணே? பத்துச்சா?" என்று பதறியது நீலம்.

"வந்துச்சு, வந்துச்சு. நாளைக்கும் இதே மாதிரி பயப்படு தம்பி," என்றது இன்ஜின்.