இரண்டாவது பலகை

"ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு பலகை?" என்று அண்ணன் வாசலிலிருந்து கத்துகிறான். "ஏறி நிக்கத்தான்!" என்று மருந்துக்கடை நடத்தும் தங்கை திருப்பிக் கத்துகிறாள். தெருவில் திரைச்சீலை அசையாத ஜன்னல் இல்லை. விவாகரத்தாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், ஏரியில் நின்றபடியே துடுப்புப் போடும் நீளப் பலகைகள் இரண்டைக் கார் கூரைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறாள். மேல் பலகையின் மஞ்சள் வயிற்றில் வெயில் வழுக்குகிறது. கூரைக் கம்பிக்கு அடியில் பட்டையை நுழைத்து, ஒரு முறுக்கு முறுக்கி, இழுத்து இறுக்குகிறாள். "முறுக்கிக் கட்டுறா பாரு, கூறுகெட்டவ!" "நேரா கட்டினா காத்துல ஊளையிடும்ணா. அந்தச் சத்தம் எனக்கு வீட்லயே போதும்." உள்ளே அண்ணி சிரிப்பை இருமலாக்குகிறாள். பொறுக்காமல் அண்ணன் இறங்கிவந்து பலகைகளின் முனையைக் காரின் முன்பக்கத்தோடு பிணைக்கும் கயிற்றில் துணிக்கொடிக்குப் போடுகிற முடிச்சொன்றைப் போட, அவன் கண்ணெதிரிலேயே அதை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போடுகிறாள். பிறகு பலகைகளை இரு கையாலும் பிடித்து உலுக்குகிறாள். கார் ஆடுகிறது, பலகை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "அந்த மாட்டு டாக்டரப் பாக்கப் போனா, இந்த வாசல மிதிக்காத!" "வாசல்தானே, நீயே வச்சுக்கோ." கார் கிளம்புகிறது. மழைக்காலம் முடிவதற்குள் ஏரிப்பக்கத்துக் கால்நடை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோய்விட்டாள். சாட்சிக் கையெழுத்து போட்டது அண்ணி.