பன்னிரண்டாவது அடி

பன்னிரண்டாவது அடி எங்கே கிளம்பி எங்கே இறங்கும் என்று ரெமெடியோஸுக்குத் தெரியும். இவனுக்கு ஏன் தெரிய வேண்டும்?

எஸ்க்ரிமா என்ற பிலிப்பைன்ஸ் பிரம்புச் சண்டைக்கு ஆசானாக இருந்து இறந்துபோன கணவரின் ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து, அவள் இடது கையால் காபி ஊற்றினாள்.

"ஆசானுக்கு வலக்கை, உங்களுக்கு இடக்கை. நல்ல ஜோடிம்மா," என்று சிரித்தான் மூத்த சீடன் நெமேசியோ. "எங்களுக்குப் பதினோரு அடிதான் சொல்லிக்குடுத்தாரு. கடைசி அடியை வீட்டுல ஒருத்தருக்குத்தான் காட்டியிருக்கேன்னு சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை எனக்குக் கவசமில்லாத மோதல். எதிராளி மண்டையைப் பொளக்கிறவன். ஒரு தடவை காட்டுங்கம்மா."

பிரம்பை நீட்டினான்.

சோறு தீய்ந்த அன்று அந்த அடி விழுந்த வலது கை, முப்பது வருடமாகத் தோளுக்கு மேல் எழுவதில்லை. அதை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"உனக்கு அடுத்த மாசம் கல்யாணம்தானே?"

"ஆமாம்மா."

"அப்படின்னா எனக்குத் தெரியாதுப்பா."